அக்காவுக்கு எத்தனை ஜிபி வேண்டும்

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் அட்டையோடு சரி. வேலை செய்யும் இடத்திலும் தெருவிலும் "எட்டாள்" என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். எதைக் கண்டாலும் "இது எத்தனை ஆள் தாங்கும்?" என்று, 'எட்டு ஆள்' தகடு ஒட்டிய லிஃப்டைப் பார்ப்பதுபோல் கேட்பதால் வந்த பெயர். கட்டில், பெஞ்சு, ஆற்றுப்பாலம், மாடிப்படி, எதையும் விட்டதில்லை. மாமனார் வீட்டுக்கு முதன்முதலாகப் போன அன்று சோபாவில் உட்காராமல் அதற்கு அடியில் குனிந்து கால்களைத் தட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை எதையோ தொலைத்துவிட்டார் என்று நினைத்து மாமனாரும் பக்கத்தில் குனிந்து கால்மணி நேரம் தேடினார்.

படிப்பு ஏழாவதோடு நின்றது. பத்தொன்பது வயதில் லிஃப்ட் வேலைக்கு வந்தவர், இப்போது நாற்பத்தெட்டு. இத்தனை வருஷத்தில் ஏறிய மாடியை எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவுக்குப் போய், மறந்துபோன ஸ்பேனரை எடுக்கத் திரும்பி வந்து, மறுபடியும் நிலாவுக்குப் போயிருப்பார்.

கம்ப்யூட்டர் அவர் வாழ்க்கைக்குள் நுழைந்ததும் ஒரு மொட்டைமாடி வழியாகத்தான். ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில், ஐந்தாம் மாடி ஆபீஸ்காரர்கள் பழைய கம்ப்யூட்டர் பெட்டிகள் பதினொன்றைக் கொண்டுபோய் லிஃப்ட் மோட்டார் அறைக்குள் அடுக்கிவிட்டார்கள். கன்ட்ரோல் பலகை பக்கம் போக வழியில்லை. எட்டாள் கீழே போய், ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் இளைஞனிடம் சண்டை போட்டார். அவன் அலட்டிக்கொள்ளவே இல்லை. புது சிஸ்டம் இதில் ஏறாது, வேண்டுமென்றால் நீங்களே எடுத்துப் போங்கள் என்று சொல்லிவிட்டான்.

ஏறாது என்ற சொல் இவருக்கு ஆகவில்லை. ஊரையே ஏற்றி இறக்கும் மனிதரிடம் சொல்லக்கூடிய சொல்லா அது? ஏன் ஏறாது, எதனால் ஏறாது, எவ்வளவு குறைந்தால் ஏறும் என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். தாங்க முடியாமல் அந்த இளைஞன் ஒரு பென் டிரைவைக் கையில் திணித்து, இதில் லினக்ஸ் என்று வேறொரு சிஸ்டம் இருக்கிறது, சும்மா கிடைப்பது, பழைய பெட்டியிலும் ஓடும், போட்டுப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் முதல் பெட்டியில் அதைப் போட்டார். நாலு நிமிஷத்தில் திரையில் கலர் கலராகப் படம் வந்து நின்றது. செத்துப்போனவர் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டதுபோல் எட்டாள் அப்படியே உறைந்துவிட்டார். அடுத்த நிமிஷமே அவருடைய வழக்கமான கேள்வி கிளம்பிவிட்டது. எத்தனை தாங்கும்?

லிஃப்ட் தொழிலில் இதற்கு ஒரு முறை உண்டு. இரும்புக் கட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே ஏற்றிக்கொண்டே போவார்கள், எந்தக் கட்டியில் லிஃப்ட் நகர மறுக்கிறதோ அதுதான் எல்லை. எட்டாள் அதையே தலைகீழாகச் செய்தார். பெட்டியைத் திறந்து, ராம் எனப்படும், கம்ப்யூட்டருக்கு வேலை செய்ய இடம் தரும் விரல் நீளப் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். இரண்டு ஜிபியில் ஓடியது. ஒரு ஜிபியிலும் ஓடியது. ஐந்நூற்றுப் பன்னிரண்டு எம்பியில் நடந்தது. அதிலும் பாதியாக்கியதும் படமெல்லாம் போய்விட்டது, கறுப்புத் திரையில் ஒரே ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஆனால் சாகவில்லை. எழுத்து அடித்தால் பதில் சொன்னது.

கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கும் மனைவியை ஓடிப்போய் அழைத்து வந்து காட்டினார்.

"ஒண்ணுமே இல்லாம உசுரோட இருக்கு பாரு."

மனைவி திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"நம்ம வீட்லயும் அப்படித்தானே இருக்கோம். இதுக்கா கூப்பிட்டீங்க?"

அன்று தொடங்கி பின்னறையில் துணி காயப் போட இடமில்லாமல் போனது. பதினொரு பெட்டியும் அங்கே வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் எவ்வளவு கழற்றினால் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து, பிஸ்கட் டப்பா மூடியை வெட்டித் தகடு செய்து, லிஃப்டுக்குள் இத்தனை ஆள் ஏறலாம் என்று ஒட்டியிருக்குமே, அதேபோல எழுதிப் பெட்டியின் நெற்றியில் ஒட்டினார். 'ஒரு ஆள்.' 'மூன்று ஆள்.' 'ஆறு ஆள்.' பிரவுசரில் திறக்கும் ஒவ்வொரு பக்கமும் ஒரு ஆள் என்று கணக்கு. லிஃப்ட் தொழிலில் ஒரு ஆள் என்றால் அறுபத்தெட்டு கிலோ. ஏறுகிறவர் பயில்வானாக இருந்தாலும் சரி, பல்லிபோல் இருந்தாலும் சரி, தகடு எழுதுகிறவருக்கு அறுபத்தெட்டுதான். கம்ப்யூட்டர் பக்கங்களும் அப்படித்தான் என்று எட்டாள் முடிவு கட்டிவிட்டார். அந்தப் பதினொன்றில் அவருக்குச் செல்லப்பிள்ளை ஒரு ஜிபியில் ஓடிய 'ஒரு ஆள்' பெட்டி. அதைத் துடைக்கும் துணியே தனி.

இந்தச் சமயத்தில்தான் எட்டாளின் அக்காவுக்குக் கம்ப்யூட்டர் தேவைப்பட்டது.

அக்கா பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்தாறு வருஷம் டெலிபோன் ஆபரேட்டர். அங்கே ஒரு சட்டம். மூன்றாவது மணி அடிப்பதற்குள் போனை எடுத்துவிட வேண்டும். அது ரத்தத்தில் ஊறி, வீட்டிலும் அக்காவுக்குக் காலம் என்பது மணிக்கணக்குதான், ஆனால் கடிகார மணி அல்ல, போன் மணி. கதவு தட்டினால் மூன்று மணிக்குள் திறக்க வேண்டும். பால் பொங்கினால் மூன்று மணிக்குள் அடுப்பை அணைக்க வேண்டும். போன வருஷம் ஆஸ்பத்திரியில் தானே பதில் சொல்லும் இயந்திரம் ஒன்றை வைத்து, அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுப் போன் அடித்தால்கூட அக்காவின் வலது கை தானாக மேலே எழும், எடுக்க ஒன்றுமில்லாமல் மடியில் வந்து விழும்.

ஐந்து மாதம் இப்படிப் போன பிறகு, தெரிந்த டாக்டர் ஒருவர் ஒரு கம்பெனியைச் சொன்னார். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததை வீட்டிலிருந்தே கேட்டு, கடிதமாக அடித்துத் தரும் வேலை. காதில் ஹெட்போன், காலடியில் பெடல். மிதித்தால் பேச்சு ஓடும், விட்டால் நிற்கும். அக்காவுக்கென்றே செய்த வேலை. வாய் நிறைய வெற்றிலை வைத்துக்கொண்டு டாக்டர்கள் முனகுவதைக் கேட்டே, இவர் எலும்பு, இவர் காது மூக்கு என்று சொல்லக்கூடியவள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சோதனை. நாற்பது நிமிஷப் பேச்சு, மூன்று மணி நேரத்தில் அடித்து முடிக்க வேண்டும். கம்ப்யூட்டர் சொந்தமாக இருக்க வேண்டும்.

தம்பியிடம் இதைச் சொல்ல வந்தபோது அக்கா சிரிக்கவில்லை.

"இதுவும் போச்சுன்னா இனிமே எனக்கு யாருடா வேலை குடுப்பா? அம்பத்தி நாலு வயசு. வீட்ல உக்காந்து சுவத்தைப் பாத்தே பைத்தியம் பிடிச்சிடும்."

எட்டாள் நெஞ்சை நிமிர்த்தினார். புதுசெல்லாம் எதற்கு, நீ திறக்கப்போவது அந்தக் கம்பெனி பக்கம் ஒன்றே ஒன்றுதானே, என்னிடம் 'ஒரு ஆள்' பெட்டி தயாராக இருக்கிறது என்றார்.

செவ்வாய்க்கிழமை செல்லப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா இருப்பது மூன்றாம் மாடி. ஊருக்கெல்லாம் லிஃப்ட் பார்க்கிறவரின் அக்கா வீட்டுக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மேலே போய்ச் சேர்ந்தபோது எட்டாள் வியர்வையில் ஒரு குளம் வெட்டியிருந்தார்.

மேஜையில் வைத்து, கம்பெனி கொடுத்த பயிற்சிப் பக்கத்தைத் திறந்தார். அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு பெடல்மேல் காலை வைத்துக் காத்திருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. ட்ரிங். ட்ரிங். ட்ரிங். பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க் கோழி சீய்ப்பதுபோல் கர்ரு கர்ரு என்றது. பக்கம் பாதி வந்து நின்றது. மீதி வந்தபோது அக்கா ஹெட்போனைக் கழற்றினாள்.

"பதினேழு மணிடா. இந்நேரம் நோயாளி குணமாகி வீட்டுக்கே போயிருப்பான்."

முதல் தடவை அப்படித்தான், சூடு பிடித்தால் சரியாகிவிடும் என்று சமாதானம் சொன்னார். அக்கா பெடலை மிதித்தாள். டாக்டர் இரண்டு வார்த்தை பேசினார், நின்றார். மறுபடி மிதித்தாள். அவள் அடித்த எழுத்து, அடித்து முடித்து, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்த பிறகு திரைக்கு வந்தது. எட்டாள் விடவில்லை. நிற்கவில்லையே, ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்றார்.

"ஓடுது. ஓடலைன்னா சொன்னேன்? அது ஓடுது, என்னால வேலை செய்ய முடியல. ரெண்டும் வேற வேற."

இத்தனை நாளாகப் பின்னறையில் இவர் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி ஒன்று, அக்கா கேட்பது வேறொன்று. எட்டாளுக்கு அது சுருக்கென்று தைத்தது. தரையில் உட்கார்ந்து, ராமில் யார் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும் கட்டளையை எழுத்தெழுத்தாக அடித்தார். வந்த எண்களை மூன்று தடவை படித்தார். பெட்டியில் இருப்பது ஒரு ஜிபி. சிஸ்டத்துக்கே அரை ஜிபிக்குக் கொஞ்சம் குறைவாகப் போகிறது. பிரவுசரும் அந்த ஒற்றைப் பக்கமும் சேர்ந்து கேட்பது ஒன்றரை ஜிபி.

ஒரே ஒரு ஆள்தான் ஏறியிருக்கிறார். ஆனால் ஏறியது யானை.

இடம் போதாததால் யானையின் பாதி உடம்பை ஹார்ட் டிஸ்க்கில் வெளியே நிறுத்திவைத்து, காலை உள்ளே வாங்கினால் தும்பிக்கையை வெளியே தள்ளி, தும்பிக்கையை வாங்கினால் வாலை வெளியே தள்ளி, பாவம் அந்தப் பெட்டி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கர்ரு கர்ரு என்ற சத்தம் அதுதான். தான் ஒட்டிய பதினொரு தகடும் பொய் என்று எட்டாளுக்குப் புரிந்தது. பக்கத்துக்குப் பக்கம் எடை மாறும். அறுபத்தெட்டு கிலோ கணக்கு இங்கே செல்லாது. அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள், அப்படியானால் சரியான கணக்குதான் என்ன என்ற அரிப்பு அவமானத்தைத் தின்றுவிட்டது.

புதன்கிழமை வேலையை மத்தியானத்தோடு முடித்துக்கொண்டு பின்னறைக்குள் போனார். இந்தத் தடவை எவ்வளவு குறைத்தால் உயிரோடு இருக்கும் என்று பார்க்கவில்லை. எவ்வளவு கொடுத்தால் அக்காவின் மூன்று மணிக்குள் பக்கம் வரும் என்று பார்த்தார். அளவுகோலும் அக்காவுடையதுதான். பெட்டிமுன் உட்கார்ந்து வாயாலேயே ட்ரிங் ட்ரிங் என்று அடித்துக்கொண்டிருந்தார். கடையிலிருந்து வந்த மனைவி, எங்கோ போன் அடிக்கிறதே என்று கைப்பை, தலையணை, துணிக்கூடை எல்லாவற்றையும் புரட்டிவிட்டுக் கடைசியில் பின்னறைக்கு வந்து, அடிக்கிற போன் மீசையோடு உட்கார்ந்திருப்பதைக் கண்டாள்.

ஆகப் பழைய நாலு பெட்டிகளை முதலிலேயே ஒதுக்கினார். அவற்றின் மூளையான பிராசசர் முப்பத்திரண்டு பிட் என்ற பழைய காலத்தது, கம்பெனி பக்கத்துக்கு வேண்டிய புதுப் பிரவுசர் அதில் உட்காரவே மாட்டேன் என்றது. மிச்சத்தில் நெட்டையாக ஒரு பெட்டி, பதிமூன்று வருஷத்துப் பழசு, ஆனால் பிராசசர் அறுபத்து நான்கு பிட், இரண்டு மூளைக்காரன். அதற்கு ராம் தேடினார். ஒரு டப்பா நிறையப் பட்டைகள் இருந்தன. பார்க்க எல்லாம் ஒன்றுபோல் இருந்தாலும், நடுவில் உள்ள வெட்டு ஒன்றில் இந்தப் பக்கம், ஒன்றில் அந்தப் பக்கம். வெட்டு பொருந்தாவிட்டால் மேலே ஏறி உட்கார்ந்தாலும் உள்ளே போகாது. டப்பா முழுக்கத் துழாவியதில் இரண்டே இரண்டுதான் பொருந்தின. ஒவ்வொன்றும் இரண்டு ஜிபி.

ஒன்றைப் போட்டார். பக்கம் வருவதற்குள் வாயால் ஒன்பது மணி அடித்தார். இரண்டையும் போட்டு நாலு ஜிபி ஆக்கினார். யானை முழுசாக உள்ளே வந்து கால் நீட்டிப் படுத்தது. ஆறு மணி. திரையில் சன்னலுக்குச் சன்னல் விழும் நிழல், ஆடும் படம், மினுக்கு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, எடை குறைந்த சாதாத் திரையை வைத்தார். ஐந்தரை. அதற்குமேல் அசையவில்லை.

எட்டாள் காதைப் பெட்டியில் ஒட்டவைத்துக் கேட்டார். ராமில் இடம் இருக்கிறது. பிராசசர் சும்மாதான் இருக்கிறது. ஆனாலும் பக்கத்தை முதலில் எடுத்துவரப் போகும் ஹார்ட் டிஸ்க் கர்ரு என்கிறது. அப்போதுதான் தொழில் ஞாபகம் கைகொடுத்தது. லிஃப்ட் எத்தனை பேரை ஏற்றுகிறது என்று எந்த மகராசனும் புகார் எழுதியதில்லை. கதவு மெதுவாகத் திறக்கிறது என்றுதான் எழுதுவார்கள். ராக்கெட் வேகத்தில் மேலே போனாலும், கதவு சோம்பேறியாக இருந்தால் லிஃப்ட் முழுக்கச் சோம்பேறி. இங்கே கதவு ஹார்ட் டிஸ்க்.

சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. ஒன்று மாட்டினால் கதவு பட்டென்று திறக்கும். அது அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மனைவி வெளிநாட்டில் இருக்கும் தங்கையோடு முகம் பார்த்துப் பேசும் கூடத்துக் கம்ப்யூட்டரில், போன பிறந்தநாளுக்கு இவரே மாட்டிக் கொடுத்தது. எட்டாள் கூடத்தில் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். மின்விசிறியைப் பார்த்தார். மறுபடி செருமினார்.

"கழட்டிக்கோங்க," என்றாள் மனைவி. "உங்க அக்காவுக்குத்தானே? ஆனா பழைய தட்டை மறுபடி மாட்டிட்டு, இதுவும் ஓடுதேன்னு மட்டும் எங்கிட்ட வந்து நிக்காதீங்க."

எஸ்.எஸ்.டி.யை மாற்றி, சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டு, பக்கத்தைத் திறந்தார். இரண்டரை மணி.

வியாழக்கிழமை காலை நெட்டைப் பெட்டி மூன்றாம் மாடி ஏறியது. அக்கா பெடலை மிதித்தாள், டாக்டர் பேசினார். விட்டாள், வாயை மூடினார். இருபத்தாறு வருஷத்தில் எந்த டாக்டரும் இவ்வளவு சொன்னபேச்சுக் கேட்டதில்லை என்றாள் அக்கா. எட்டாளுக்குத் தலை கூரையில் இடித்தது.

அந்த நேரம் பார்த்து கம்பெனியிலிருந்து ஒரு படிவம் வந்தது. சோதனைக்கு வருகிறவர்கள் தங்கள் கம்ப்யூட்டர் விவரத்தை எழுதி அனுப்ப வேண்டும். குறைந்தது எட்டு ஜிபி ராம். ஐந்து வருஷத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது.

பெட்டியைத் திறந்து பார்க்க யார் வரப்போகிறார்கள், எட்டு என்றே எழுதிவிடு என்றார் தம்பி. அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். டாக்டர் இல்லை என்றால் இல்லை என்றுதான் இருபத்தாறு வருஷமும் சொல்லியிருக்கிறேன், இன்றைக்கு ஒரு டப்பாவுக்காக மாற்றிச் சொல்ல மாட்டேன் என்றாள். நாலு ஜிபி, பதிமூன்று வருஷம் என்று எழுதி, அவர் கையைப் பிடிப்பதற்குள் அனுப்பியும்விட்டாள்.

எட்டாள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். வாழ்நாள் முழுக்கத் தகடு எழுதிய மனிதர், யாரோ எழுதிய தகடு ஒன்று தன் அக்காவை வாசலிலேயே நிறுத்துவதை முதன்முதலாகப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கை தலையிலிருந்து இறங்கியது. எட்டுப் பேர் என்று எழுதிய லிஃப்டில் பதினொரு பேர் போய்வருவதை அவர் பார்த்திருக்கிறார். எழுதுகிறவன் எப்போதும் கொஞ்சம் பயந்தேதான் எழுதுவான், அந்த பயம் நல்லதும்கூட.

"அக்கா, அந்த எட்டு, யாரோ பாதுகாப்புக்குப் போட்ட எட்டு. போன் பண்ணிப் பேசு. உன்னை மாதிரி போன்ல பேச ஊர்ல ஆள் கிடையாது."

அக்கா போன் செய்தாள். எடுத்தது சோதனையை நடத்தும் சூப்பர்வைசர், ஜலதோஷம் பிடித்த சின்னப் பெண். அக்கா குரலைக் கேட்டதுமே, இருபத்தாறு வருஷமாகப் பதறி வந்த ஜனங்கள் எல்லாம் எப்படி அடங்கினார்களோ அப்படி அவளும் அடங்கினாள். அக்கா முதலில் ஜலதோஷத்தை விசாரித்தாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கேம்மா. நாளைக்கு என்னை உக்கார விடுங்க. நடுவுல ஒரே ஒரு தடவை மிஷின் நின்னாலும் என்னை எடுத்துடுங்க. ஏன்னு கேக்க மாட்டேன்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம். பிறகு சரி என்றாள், ஆனால் நீங்கள் சொன்னபடிதான், ஒரு தடவை நின்றாலும் முடிந்தது என்றாள்.

வெள்ளிக்கிழமை எட்டாள் லீவு போட்டுவிட்டு வந்தார். அக்கா தோளுக்குப் பின்னால் நின்று ராம் கணக்கைப் பார்க்கலாம் என்று எண்ணம். அக்கா கதவுக்கு வெளியே அனுப்பித் தாழ்ப்பாள் போட்டாள். மாடிப்படியில் உட்கார்ந்தார். ஒன்றும் தெரியவில்லை, பெடல் சத்தம் மட்டும் டக், டக் என்று கேட்டது. அதை வைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பதினொன்று பத்துக்குச் சத்தம் நின்றது.

எட்டாளும் நின்றார். தானே ட்ரிங் எண்ணினார். மூன்று, பத்து, இருபது. அந்த இடைவெளியில் அவருக்குத் தலைமுடி முழுக்க நரைத்து, கொட்டி, மறுபடி முளைத்தது. எஸ்.எஸ்.டி. செத்துவிட்டதா, பட்டை தளர்ந்துவிட்டதா, சூடாகிவிட்டதா? நாற்பதாவது மணியில் தாங்க மாட்டாமல் கதவைத் தட்டினார்.

"என்னாச்சுக்கா?"

"தண்ணி குடிக்கிறேன்டா. மனுஷி தண்ணி குடிக்கக் கூடாதா?"

டக், டக் என்று மறுபடி கேட்டது. எட்டாள் படியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். பன்னிரண்டு இருபத்தைந்துக்கு அக்கா கதவைத் திறந்து, அனுப்பிவிட்டேன் என்றாள். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்குப் போன் வந்தது. முதல் மணியிலேயே எடுத்தாள். நாற்பது நிமிஷப் பேச்சில் பிழை மொத்தம் இரண்டு. திங்கட்கிழமை தொடங்கலாம், அதே பெட்டியில் ஒரு மாதம் பார்ப்போம் என்றாள் சூப்பர்வைசர். பிறகு, நாலு ஜிபியில் எப்படிச் சமாளித்தீர்கள், உங்களுக்குக் கம்ப்யூட்டர் ஆள் யார் என்று கேட்டாள். தம்பி என்றும், அவன் லிஃப்ட் மெக்கானிக் என்றும் அக்கா சொன்னதும் அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சுவதுகூட நின்றுபோனது.

போனை வைத்துவிட்டு அக்கா கொஞ்ச நேரம் இரண்டு கையையும் கீபோர்டு மேல் சும்மா வைத்துக்கொண்டிருந்தாள். தம்பி முதுகைத் திருப்பிக்கொண்டு சன்னலுக்கு வெளியே எதையோ ரொம்பக் கவனமாகப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை, போகிற வழியில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று எட்டாள் வந்தார். அக்கா வேலை தொடங்கி அரைமணி ஆகியிருந்தது. வாசலில் நின்றவர் நகரவில்லை. வெள்ளிக்கிழமை அத்தனை வேலையிலும் ராம் அதிகபட்சம் எடுத்தது இரண்டே முக்கால்தான் என்று, சோதனை முடிந்து அக்கா உள்ளே விட்டதும் கணக்கில் பார்த்திருந்தார். அது மூன்று நாளாக அவரைத் தூங்கவிடவில்லை. சட்டைப் பைக்குள் ஸ்க்ரூடிரைவரும், எங்கிருந்தோ தேடிப் பிடித்த, வெட்டுப் பொருந்தும் ஒரு ஜிபிப் பட்டை ஒன்றும் இருந்தன.

"அக்கா, ஒரு பட்டையை மாத்தி, ஒரே ஒரு நாள் மூணு ஜிபில ஓட்டிப் பாக்கலாமா?"

அக்கா ஹெட்போனின் ஒரு காதை மட்டும் தூக்கினாள்.

"அஞ்சு மணிக்கு மேல வா. இப்ப எனக்கு வேலை இருக்கு."

காதை மூடிக்கொண்டு பெடலை மிதித்தாள்.